அம்மாவின் கை, மெழுகில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 30 வருஷம் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய கை அது. வெண்கலத்தில் வார்க்க ஆசை. அதற்கு முதலில் மெழுகில் ஒரு கை வேண்டும்.

முதல் தடவை சொதப்பினேன். பல் டாக்டர் அச்செடுக்கும் அல்ஜினேட் பொடியை வாளியில் கரைத்து அம்மா கையை முக்கினேன். 5 நிமிஷத்தில் இறுகிவிட்டது. மற்றதை நாளை பார்ப்போம் என்று படுத்ததுதான் தப்பு. அல்ஜினேட்டில் பெரும்பகுதி தண்ணீர், காயக் காயச் சுருங்கும். மறுநாள் அதில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த கைக்கு விரலெல்லாம் சூம்பிப்போயிருந்தது.

அடுத்த முறை கையை உருவியதும் பிளாஸ்டரை ஊற்றினேன். அல்ஜினேட்டைப் பிய்த்தால்தான் உள்ளிருக்கும் கை வெளியே வரும், அச்சு அத்தோடு சரி. ஆகவே பிளாஸ்டர் கையின்மேல் ரப்பர் அச்சு எடுக்க வேண்டியிருந்தது. சிலிகோன் ரப்பர் விலை கையைக் கடித்தது. ரப்பர் பால் இருக்கும் ஊரில் சிலிகோன் எதற்கு? 10 பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. வீடெல்லாம் அமோனியா நெடி. "வேலைய விட்டும் இந்த வாடை என்னை விடல பாரு," என்றார் அம்மா. மேலே பிளாஸ்டர் கூடு போட்டால் ரப்பர் தளராது.

மெழுகை நேரடி நெருப்பில் வைக்கவே கூடாது, கொதிநீர்ப் பானைக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினேன். முதல் ஊற்று 85 டிகிரியில்; அப்போதுதான் ரேகைவரை பிடிக்கும். அடுத்தவை 72இல், இல்லாவிட்டால் முதல் படலம் கரைந்துவிடும். ஊற்றிச் சுழற்றிக் கவிழ்க்கக் கவிழ்க்க, விரல்கள் நிரம்பின, உள்ளங்கை 5 மில்லிமீட்டர் கனத்தில் கூடாக நின்றது. ரப்பரின் வெளிப்புறத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் கையுறைபோலச் சுருட்டிக் கழற்றலாம்.

அல்ஜினேட்டில் காற்றுக் குமிழி இருந்த இடமெல்லாம் மெழுகில் பருவாக எழுந்திருந்தது. சூடேற்றிய கரண்டியால் ஒவ்வொன்றாக இழைத்தேன். பளபளவென்று வந்த கையைக் காட்டியதும், அம்மா தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"காய்ப்பு எங்கடா?"

வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்த மேட்டையும் பரு என்று சீவித் தள்ளியிருக்கிறேன்! ரப்பர் அச்சு இருந்ததால் பிழைத்தேன். இரண்டாவது மெழுகை இழைக்கும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "அது பருதான், சீவு. இது கத்தி பட்டது, தொடாத."

வெயிலில் கார் நின்றால் மெழுகு விரல் தொங்கிவிடும். ஈரத்துண்டு சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்தேன். வெண்கலம் வார்க்கும் ஈப்போ பட்டறை வரைக்கும் பெட்டி அம்மா மடியில்தான்.