கையைப் பார்த்தாலே மிரண்ட காக்டெயில்

மணி எங்களிடம் வந்தபோதே வளர்ந்த பறவை. வீடு மாறுகிறவர்கள் உடன் கொண்டுபோக முடியாமல் கொடுத்த காக்டெயில் (cockatiel), தலையில் கொண்டை உள்ள சிறிய கிளி வகை. கூண்டைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் கையால் அமுக்கிப் பிடித்துத்தான் வெளியே எடுப்போம் என்று அவர்களே சொன்னார்கள். கையைக் கண்டு ஏன் மிரள்கிறான் என்று புரிய எனக்கு அந்த ஒரு தகவல் போதுமானதாக இருந்தது. கூண்டுக் கம்பியில் விரல் பட்டாலே கொண்டையைத் தலையோடு ஒட்டப் படியவைத்து, பாம்பு மாதிரிச் சீறி, மூலையில் போய் ஒடுங்கிவிடுவான். கோபக்காரப் பறவை என்று வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் தெரிந்தது பயம் மட்டும்தான்.

காக்டெயில், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பகுதிகளில் கூட்டமாக வாழும் பறவை. பருந்து இனங்களுக்கு இரையாகும் பறவையும்கூட. தலைக்கு மேலிருந்து சட்டென்று இறங்குவது எதுவானாலும் அதற்கு ஆபத்துதான். நாம் அன்போடு நீட்டும் கையும் அதில் சேர்த்தி. காட்டில் என்றால் பக்கத்துப் பறவை நிம்மதியாக மேய்வதைப் பார்த்துத் தானும் நிம்மதியாகும். புது வீட்டில் தனியாக வந்து நிற்கும் பறவைக்கு அந்தத் துணையும் கிடையாது.

அதனால் முதலில் கையை மறந்துவிட்டு, இடத்தைச் சரிசெய்தோம். பின்பக்கம் சுவர் இருக்கும்படி, என் கண் மட்டத்துக்குக் கூண்டை வைத்தோம். சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தொந்தரவில்லாத தூக்கம். இவ்வளவும் ஆன பிறகு, கூண்டிலிருந்து தள்ளி ஒரு நாற்காலி போட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பேன். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பதில்லை.

எவ்வளவு தள்ளி உட்காருவது? அதை மணியிடமே விட்டுவிட்டேன். நான் இருக்கும்போதும் தின்பதை நிறுத்தாமல் இருந்தான் என்றால் அது சரியான தூரம். தானியம் கொறிப்பதை நிறுத்தி, இறகெல்லாம் உடம்போடு இறுகி, சிலை போல் நின்றுவிட்டால் நான் ஓரடி பின்னால் போவேன். தன் மறுப்புக்கு இங்கே மதிப்பு இருக்கிறது என்பதை அந்தப் பறவைக்குப் புரியவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். சீறினாலே நகர்ந்துவிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு கடிக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

கொண்டையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நெட்டுக்குத்தலாக நின்றால் ஏதோ திடுக்கிட வைத்திருக்கிறது. தளர்ந்து சற்றே பின்னால் சாய்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறான். ஒரு நாள் மாலை நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டு, அலகின் மேல் பாகத்தையும் கீழ்ப் பாகத்தையும் மெல்ல உரசும் அந்த நறநற சத்தத்தை எழுப்பினான். தூக்கம் வரும்போது, பயமில்லாதபோது எழுப்பும் சத்தம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து தினைக்கதிர். நீளமான கதிரின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு மறு முனையைக் கம்பி வழியாக நீட்டினேன். இரண்டு காலும் இருந்த இடத்திலேயே இருந்தன. கழுத்து மட்டும் எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீண்டது. ஒரு தினையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் ஓடிப்போய், என்னைப் பார்த்தபடியே தின்றான். அன்றைக்கு அத்துடன் விட்டுவிட்டேன். போகப் போகக் கதிரின் நீளம் குறைந்தது, என் விரல் அருகே வந்தது.

பட்டினி போட்டால் தானாகக் கைக்கு வரும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஏறக்குறைய நூறு கிராம்தான் தேறும் உடம்பு அது, பசி தாங்காது. தினைக்கதிர் மட்டும் என் கையில்தான் கிடைக்கும்; வழக்கமான தீனிக் கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருக்கும். கிராம் காட்டும் தராசில் எடை பார்ப்பதையும் பழக்கினேன். பறவைகள் நோயைக் கடைசி வரை மறைக்கும்; எடை இறங்குவதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கூண்டுக் கதவைத் திறந்த பிறகு கைக்கு முன்னால் ஒரு மெல்லிய குச்சியைக் கொண்டுவந்தேன். நுனியை அலகால் தொட்டால் தினை. இது மணிக்கு மிகவும் பிடித்துப்போனது. குச்சி போகும் பக்கமெல்லாம் நடந்து வர ஆரம்பித்தான். பிறகு குச்சிக்கும் அவனுக்கும் நடுவில் என் கையை அசையாமல் வைத்தேன். ஏறுவதற்கு முன் அலகால் விரலைப் பிடித்துப் பார்த்தான். இந்த இடத்தில்தான் பலரும் கடிக்கிறது என்று நினைத்துக் கையை இழுத்துவிடுகிறார்கள். பறவை ஏறப்போகும் கிளை தாங்குமா என்று அலகால்தான் சோதிக்கும். இழுத்துவிட்டால், கை நம்ப முடியாத கிளை என்று முடிவு செய்துவிடும்.

கையுறை போடு, பறக்காதபடி சிறகின் இறகுகளை வெட்டு என்ற யோசனைகளையும் நான் ஏற்கவில்லை. கையுறை கையைவிடப் பெரிதாக, பயங்கரமாகத் தெரியும். சிறகை வெட்டினால் பிடிக்காதபோது விலகிப்போகும் வழி அடைபட்டுவிடும். போக முடிந்தும் போகாமல் இருப்பதைத்தானே நம்பிக்கை என்கிறோம்! ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடியை மூடிவிட்டுப் பறக்க விட்டோம்.

நடுவில் ஒரு இரவு இருட்டில் எதற்கோ மிரண்டு கூண்டுக்குள் தாறுமாறாக மோதிக்கொண்டான். காக்டெயில்களுக்கு இது சகஜம். முதலில் குரல் கொடுத்து, பிறகு விளக்கைப் போட்டேன். அடுத்த நாள் கைக்கு வர மறுத்துவிட்டான். மறுபடி நாற்காலி, மறுபடி நீளக் கதிர். இந்த முறை சீக்கிரமே திரும்பி வந்தான். அதிலிருந்து இரவில் ஒரு மங்கலான விளக்கு எரிகிறது.

இப்போது தானாகத் தலையைக் குனிந்து கன்னத்தைச் சொறியச் சொல்கிறான். தலையும் கழுத்தும் மட்டும்தான். முதுகைத் தடவினால் இனப்பெருக்க உணர்வு தூண்டப்பட்டு வேறு தொல்லைகள் வரும். பாக்கி இருப்பது மருத்துவரிடம் கொண்டுபோகும் கூடை. அதைத் திறந்தபடி கூண்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். உள்ளே போய்த் தினை தின்கிறான். கதவைப் பாதி சாத்தும் வரை தின்பதை நிறுத்துவதில்லை. முழுதாகச் சாத்துவதை இனிமேல்தான் பழக்க வேண்டும்.