சித்தப்பாவுக்காக உளவியல் படிக்கப் போனேன்

"அதப் படிச்சா என்ன வேலைக்குப் போவ கண்ணு?"

பி.எஸ்சி. உளவியலுக்கு விண்ணப்பம் வாங்கி வந்த அன்று அப்பா கேட்டது இதைத்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. தாராபுரம் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அரசுப் பள்ளி, தமிழ் வழி, பிளஸ் டூவில் வணிகவியல் குரூப். எங்கள் தெருவில் அந்தப் படிப்பை அதுவரை யாரும் படித்ததில்லை. என்ன வேலை கிடைக்கும் என்று தெரியாவிட்டாலும், எதற்காகப் படிக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. சித்தப்பாவுக்காக.

நான் ஆறாவது படித்தபோது அவருக்கு அது தொடங்கியது. ராத்திரியில் தூங்க மாட்டார். டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பார். காத்து கருப்பு என்று முதலில் மந்திரித்துப் பார்த்தார்கள். பிறகு குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், அப்பத்தா அவரோடு தங்கினார். அப்புறம்தான் மருத்துவமனை. மாத்திரை போட்டால் நன்றாக இருப்பார். நன்றாகிவிட்டாரே என்று நிறுத்துவார்கள். சில மாதத்தில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்த நோய்க்கு என்ன பெயர் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சீட்டில் எல்லாம் ஆங்கிலம்.

உளவியலில் சேர்கிற பலர் இப்படி ஏதோ ஒன்றை மனதில் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். என் வகுப்பில் ஒருத்தி அவள் அம்மாவுக்காக வந்திருந்தாள். இன்னொருவன் தனக்காகவே வந்திருந்தான். முதல் வாரத்திலேயே விடை கிடைத்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தோம். முதல் செமஸ்டரில் கிடைத்தது நரம்பணுவின் படமும், 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடமும், கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றமும்தான். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டவள் நான். நரம்பணுவுக்கு நான்கு நாள் ஆனது.

அதைவிடப் பெரிய மலை ஆங்கிலம். பாடம் ஆங்கிலம், புத்தகம் ஆங்கிலம், தேர்வும் ஆங்கிலம். புரியாத சொல்லை எல்லாம் காதில் விழுந்த மாதிரியே தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வேன். விடுதிக்குப் போய் அகராதி பார்ப்பேன். புள்ளியியல் வகுப்பில் மூன்று நாள் 'ஸ்டாண்டர்டு டீவியேஷன்' என்று பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. கைவிரல் நடுங்க எழுதிக்கொண்டே இருந்தேன், ஒன்றும் ஏறவில்லை. நான்காம் நாள் ஆசிரியர் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டினார். சராசரி கண்டுபிடி, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழி, வர்க்கப்படுத்து, கூட்டு, வகு, வர்க்கமூலம் எடு. அட, இது பத்தாம் வகுப்பில் போட்ட திட்ட விலக்கம்! அன்று ராத்திரி அந்தப் பாடத்தின் எல்லாக் கணக்கையும் போட்டு முடித்துவிட்டுத்தான் படுத்தேன். தமிழ் வழியில் படித்துவிட்டு உளவியலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: நீங்கள் வெறுங்கையோடு வரவில்லை. பாதி விஷயம் உங்களிடம் ஏற்கெனவே வேறு பெயரில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் அறிவியல் புத்தகத்தையும் பெட்டியில் எடுத்து வையுங்கள்.

புள்ளியியல் இல்லாமல் உளவியல் இல்லை. 'கணக்கு வராது, அதனால்தான் உளவியல் எடுத்தேன்' என்று சேர்ந்த மூன்று பேர் என் வகுப்பில் அரியர் வைத்தார்கள். திட்ட விலக்கத்தில் ஆரம்பித்து டி சோதனை, கை வர்க்கச் சோதனை ('கை' என்பது இங்கே ஒரு கிரேக்க எழுத்து), ஒட்டுறவுக் கெழு என்று போகும். இந்தக் கணக்குகளைக் கணினியில் போட எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் வேறு.

லேப் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒருவர் சோதனையாளர், ஒருவர் சப்ஜெக்ட். பல்கலைக்கழகப் பிராக்டிகல் தேர்வுக்கு சப்ஜெக்டை நாமேதான் கூட்டிவர வேண்டும். நான் விடுதியில் என் அறையில் இருந்த பி.காம். தோழியைக் கூட்டிப்போனேன். எனக்கு வந்தது கண்ணாடி வரைதல். மேசையில் ஒரு நட்சத்திர வடிவம். அதை நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தடுப்பு. எதிரில் நிற்கிற கண்ணாடியில் பார்த்துக்கொண்டே உலோக எழுதுகோலை நட்சத்திரத்தின் பாதையில் நகர்த்த வேண்டும். பாதையை விட்டு விலகினால் பிழை ஒன்று ஏறும். முதலில் அவளை இடது கையால் செய்யச் சொன்னேன். கை ஒரு பக்கம் போகிறது, கண்ணாடியில் வேறு பக்கம் போகிறது. ஒரு முனையில் சிக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள், நெற்றியெல்லாம் வியர்வை. அப்புறம் வலது கையால் பத்து முறை. ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் மறுபடி இடது கை. அந்தக் கை இடையில் ஒரு தடவைகூடப் பழகவில்லை. இருந்தும் முதல் தடவையைவிட வேகமாகவும் குறைந்த பிழையோடும் சுற்றி வந்துவிட்டது. ஒரு கை கற்றது மறு கைக்குப் போய்ச் சேர்கிறது. படித்திருந்தேன்தான், ஆனால் நிறுத்துகடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அது நடப்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

சோதனை முடிந்ததும் சப்ஜெக்டிடம் அகநோக்கு அறிக்கை கேட்டு எழுத வேண்டும். 'செய்யும்போது உனக்கு உள்ளே எப்படி இருந்தது?' அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுத வேண்டும். நம் கருத்தைச் சேர்க்கக் கூடாது. முதல் ஆண்டில் என் ரெக்கார்டு நோட்டை ஆசிரியர் இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார். 'சப்ஜெக்ட் பதற்றமாக இருந்தார்' என்று எழுதியிருந்தேன். "பதற்றம்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க பார்த்தது என்ன? வியர்த்ததா, கை நடுங்கினதா, அவங்களே சொன்னாங்களா? அதை எழுதுங்க" என்றார். மூன்று ஆண்டில் நான் கற்றதில் இதுதான் ஆக உயர்ந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு ஓரளவு சுலபமாகப் போனது. வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், ஆளுமை. 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய கீழ்ப்படிதல் சோதனைகள் பற்றியெல்லாம் வரும், கதை மாதிரிப் படிக்கலாம். ஒரு நாள் ஆசிரியர் 2015இல் வந்த ஒரு கட்டுரையைப் பற்றிச் சொன்னார். புகழ்பெற்ற உளவியல் ஆய்விதழ்களில் வந்திருந்த 100 ஆய்வுகளைப் பல குழுக்கள் சேர்ந்து திரும்பச் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பழைய முடிவைப் புள்ளியியல்படி மறுபடி கொடுத்தது. வகுப்பே அமைதியாகிவிட்டது. இவ்வளவு நாள் படித்ததெல்லாம் என்ன என்று எனக்கு ஒரு வாரம் மனசே சரியில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், தன் தவறைத் தானே தேடிப்போய்க் கண்டுபிடித்து வெளியில் சொல்கிற துறையில் இருக்கிறோம் என்பது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மூன்றாம் ஆண்டில்தான் பிறழ்வு உளவியல், அதாவது மனநோய்களைப் பற்றிய பாடம். நான் காத்திருந்த பாடம். ஒரு எச்சரிக்கை: இந்தப் பாடம் நடக்கும்போது ஒவ்வொரு நோயும் நமக்கே இருக்கிற மாதிரித் தோன்றும். எல்லோருக்கும் தோன்றும், சில வாரத்தில் போய்விடும். போகவில்லை என்றால், தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால், வெட்கப்படாமல் கல்லூரியில் இருக்கும் ஆலோசகரிடம் போய்ப் பேசுங்கள். நான் போனேன்.

மனச்சிதைவு நோய் வகுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நடந்தது. மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி ஐந்து அறிகுறிகள். அவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், தொந்தரவு ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இல்லாத ஒன்றை உறுதியாக நம்புவது, யாரும் பேசாதபோது குரல் கேட்பது என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, எனக்குச் சித்தப்பாவின் முகம் வந்துகொண்டே இருந்தது. அதுவரைக்கும் தாங்கிக்கொண்டேன். ஐந்தாவது அறிகுறிக்கு வந்தார். பேச்சு குறைந்துபோவது. முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது. எதையும் தொடங்கிச் செய்யும் முனைப்பு அற்றுப்போவது. குளிக்கக்கூட யாராவது சொல்ல வேண்டியிருப்பது.

எங்கள் வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தோம். சோம்பேறித்தனம். அப்பா எத்தனை முறை திட்டியிருப்பார். "மாத்திரை போட்டாச்சு, பேய் போயிருச்சு, இப்ப என்ன கேடு, எந்திரிச்சுத் தண்ணி கட்டப் போறதுக்கு?" ஆறாவது படித்த நானும் அவரைச் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். குரல் கேட்பதை நோய் என்று ஒத்துக்கொண்ட வீடு, திண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதை நோய் என்று ஒத்துக்கொள்ளவில்லை. நான் வகுப்பை விட்டு எழுந்து போய்க் குழாயடியில் நின்று அழுதேன்.

அதே பாடத்தில்தான் ஏர்வாடியைப் பற்றியும் படித்தோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டத்தில், கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் ஓட முடியாமல் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று இன்றைக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதற்கு முன் எத்தனை குடும்பங்கள் வேறு வழி தெரியாமல் தங்கள் பிள்ளைகளை அப்படி விட்டுவிட்டு வந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு அந்தக் குடும்பங்கள் மீது கோபம் வரவில்லை. எங்கள் அப்பத்தாவும் அந்த இடத்தில் இருந்திருக்கலாம்.

அந்த ஆண்டு ஒரு மாதம் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பயிற்சி. ஓ.பி.யில் உளவியலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பது மட்டும்தான் வேலை. என்னோடு வந்த தோழிகள் நகரத்தில் ஆங்கில வழியில் படித்தவர்கள், வகுப்பில் என்னைவிட எவ்வளவோ கெட்டிக்காரர்கள். ஆனால் வருகிற யாரும் மனச்சோர்வு என்றோ பதற்றம் என்றோ சொல்லவில்லை. "நெஞ்சு படபடங்குது." "தலை பாரமா இருக்கு." "ஒடம்பெல்லாம் எரியுது சாமி." "மனசு விட்டுப்போச்சுங்க." தோழிகள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வேன். மூன்று ஆண்டில் முதல் தடவையாக என் தமிழ் எனக்குத் துணையாக வந்தது அங்கேதான்.

ப்ராஜெக்டுக்குக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கினோம். அதற்கு முன் ஆசிரியர் ஓர் உதாரணம் காட்டினார். 1965இல் வில்லியம் ஸங் என்ற மனநல மருத்துவர் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோலில் 20 வாக்கியங்கள். முதல் வாக்கியத்திலேயே சோகத்துக்கு நீல நிறத்தைச் சொல்கிற ஆங்கில வழக்கு வருகிறது. நமக்கு நீலம் சோகம் இல்லையே. உங்கள் அம்மா இதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு அன்று முழுக்க எங்களை எழுத வைத்தார். மூல வாக்கியத்தைப் பார்க்காத ஒருவரிடம் நம் தமிழைக் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இங்கே தவறினால் அளக்கிற கோலே கோணலாகிவிடும்.

வேலையைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. முடித்ததும் யாருக்கும் சிகிச்சை தர முடியாது. மேலே எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு. மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பை முடித்து அங்கே பதிவு செய்ய வேண்டும். பல காலமாக அது இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பாக இருந்தது, பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில்.லை நிறுத்திய பிறகு இந்த ஏற்பாடுகள் மாறி வருகின்றன. அதனால் யாரோ சொன்னதை நம்பாமல், நீங்கள் சேரும் ஆண்டில் குழுமத்தின் தளத்தில் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். மருந்து எழுதித் தருவது மனநல மருத்துவர், அவர் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு அதற்கு மேல் மனநலம் படித்தவர். நம் பாதை வேறு. பள்ளிகள், மனிதவளத் துறை, தொண்டு நிறுவனங்கள், ஆராய்ச்சி என்று வேறு வழிகளும் உண்டு. என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். நான் எம்.எஸ்சி. சேர்ந்தேன்.

கடைசி செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போனபோது சித்தி காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணு, அவருக்கு இப்பப் பரவால்ல. மாத்திரைய நிறுத்திப்போடலாமா? நீதான் படிச்சுட்டியே, சொல்லு."

"அத நான் சொல்லக் கூடாதுங்க சித்தி. டாக்டரத்தான் கேக்கணும். நானும் கூட வர்றேன்" என்றேன். அப்புறம் நோயின் பெயரைத் தமிழில் சொன்னேன். நன்றாக இருப்பதே மாத்திரை போடுவதால்தானோ என்னவோ, கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்றேன். அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பது சோம்பல் இல்லை, அதுவும் அந்த நோயில் ஒன்றாக இருக்கலாம் என்றேன். சித்தி ஒன்றும் பேசவில்லை. உள்ளே அப்பா பேப்பர் மடிக்கிற சத்தம் நின்றது.

ரெக்கார்டு நோட்டில் பின்பக்கம் எழுதாத தாள்கள் இருந்தன. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை மணிக்கு எழுந்தார், மாத்திரை போட்டாரா, அன்றைக்கு அவராகப் பேசியது என்ன. 'நல்லா இருந்தார்', 'மோசமா இருந்தார்' என்று எழுத வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்று சித்தியிடம் சொன்னேன். அடுத்த மாத ஓ.பி.க்கு அந்தத் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விடியற்காலை முதல் பஸ்ஸில் நாங்கள் நான்கு பேர் போனோம். அப்பாவும் வந்திருந்தார்.