அட்டெஸ்டேஷன் ஃபாரத்தில் ‘ஆம்’ என்று எழுதினால்...

பெங்களூரில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தேர்வு, இன்டர்வியூ, மெடிக்கல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது, சேருமுன் நம் பின்னணியைச் சரிபார்க்க நிரப்பித் தரும் அட்டெஸ்டேஷன் ஃபாரத்தில். எப்போதாவது கைதானீர்களா, காவலில் வைக்கப்பட்டீர்களா, வழக்கு நிலுவையில் உள்ளதா என்று அதில் வரிசையாகக் கேட்பார்கள்.

எனக்கு முதல் இரண்டுக்கும் ‘ஆம்’. 2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பஸ் கட்டணத்தை ஏற்றியபோது, திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரியே மறியலில் உட்கார்ந்தது. போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, மதியம் தக்காளி சாதம் கொடுத்து, சாயங்காலம் பெயர், முகவரி வாங்கிக்கொண்டு விட்டார்கள். எஃப்.ஐ.ஆரும் போட்டிருந்தார்கள்.

ஃபாரத்தை வாங்கிய கிளார்க் கே.ஜி.எஃப். தமிழர். படித்துவிட்டு, “ஏம்மா, மண்டபத்துல சோறு போட்டு அனுப்பினதெல்லாம் ஒரு கைதா? வேற ஃபாரம் தர்றேன், எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு எழுதிக் குடு” என்றார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. ஃபைல் தன் மேஜையில் தேங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அவர் நீட்டிய ஃபாரத்தின் மேலேயே, பொய்த் தகவல் தந்தாலோ உண்மையை மறைத்தாலோ தகுதியிழப்பு என்று அச்சடித்திருக்கிறது. சர்வீசில் சேர்ந்தபின் தெரியவந்தாலும் வேலை போகலாம். கையெழுத்து என்னுடையதாயிற்றே! “இருக்கட்டும் சார், இதையே வாங்கிக்குங்க” என்றேன். “அப்போ கேஸ் முடிஞ்ச பேப்பரோட வா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எஃப்.ஐ.ஆர். நகல் தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே கிடைத்தது. முடிந்ததற்கான காகிதத்துக்குத்தான் நாயாய் அலைந்தேன். ஸ்டேஷனில் “கோர்ட்டுக்கு அனுப்பியாச்சு” என்றார்கள். கோர்ட் நகல் பிரிவில் “கேஸ் நம்பர் இல்லாம எப்படித் தேடுறது?” குற்றப்பத்திரிகையே போடாத வழக்குக்குக் கேஸ் நம்பர் எங்கிருந்து வரும்? ராத்திரி பஸ் பிடித்துப் போனது வீண். கடைசியில் வக்கீல் மாமா ஒருவர் எஃப்.ஐ.ஆரில் இருந்த குற்ற எண்ணையும் ஆண்டையும் போட்டு மனுக் கொடுத்து, ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்ற அறிக்கையின் சான்றிட்ட நகலை வாங்கித் தந்தார்.

அவரிடம்தான் 2016-இல் வந்த அவதார் சிங் வழக்குத் தீர்ப்பைப் பற்றிக் கேட்டேன். இளம் வயதில் கோஷம் போட்டது மாதிரி அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தால், நிர்வாகம் அதைப் பெரிதுபடுத்தாமல் விடலாம் என்கிறது உச்ச நீதிமன்றம். “விடலாம்னுதான் இருக்கு, விட்டே ஆகணும்னு இல்ல பாப்பா” என்றார் மாமா. உண்மையைச் சொன்னவரையும் எடுத்தே ஆக வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அதைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் போனது.

ஃபாரத்தோடு வைக்கும் விளக்கக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தேதி, இடம், குற்ற எண், பிரிவுகள், முடிவு, இவை போதும், ‘அறியாப் பருவத்தில்...’ என்று அழுது வடிக்காதீர்கள். முழு ஃபாரத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, அதில் ‘பெற்றுக்கொண்டேன்’ முத்திரை வாங்குங்கள். கிளார்க் முகத்தைச் சுளித்தார். நின்று வாங்கினேன்.

போலீஸ் விசாரணை ஊரிலும் நடந்தது, அல்சூர் வாடகை வீட்டிலும் நடந்தது. அப்புறம் ஒருநாள் நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். ஊர் ஸ்டேஷன் அறிக்கையில் அந்தக் குற்ற எண் அப்படியே வந்திருந்தது. என் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து விரலால் வரி வரியாக ஒப்பிட்டார். “இதைத் தவிர வேறேதும் உண்டா?” இல்லை என்றேன். மூடி வைத்துவிட்டார்.

ஐ.டி. கார்டுக்குப் போட்டோ கேட்டு அந்தக் கிளார்க்தான் போன் பண்ணினார்.