மாடிக்கு ஷீட் கூரை போடுமுன்: கொட்டேஷனில் ஒரே வரியாகப் போய்விடும் பாகங்கள்

மொட்டை மாடிக்கு ஷீட் போட விலை கேட்டால், பட்டறைக்காரர் முதலில் கேட்பது "என்ன கம்பெனி ஷீட், என்ன கலர்?" என்றுதான். பிறகு சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் கொட்டேஷன் வந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் பேஸ் பிளேட், தூண், ராஃப்டர், பர்லின், ஷீட், ஸ்க்ரூ, முகட்டு மூடி, ஃப்ளாஷிங், கட்டர் (தாழ்வார ஓரத்தில் மழைத்தண்ணீரைப் பிடிக்கும் வாய்க்கால்), டவுன் பைப் என்று பத்துச் சாமான் அடங்கியிருக்கிறது. கூரை ஒழுகினாலும் சரி, புயலில் பிய்த்துக்கொண்டு போனாலும் சரி, பெரும்பாலும் ஷீட்டின் கம்பெனி காரணமாக இருக்காது. விலை பேசும்போது யாரும் பேசாத சில்லறைச் சாமான்கள்தான் காரணமாக இருக்கும்.

முதலில் ஒரு கணக்கு. 10க்கு 20 அடி கூரையில் 0.50 மி.மீ. ஷீட்டின் மொத்த எடையே 85 கிலோ அளவுதான். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி) சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கி.மீ.யை வைத்திருக்கிறது. மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். 50 மீட்டர் வேகத்தில் வரும் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் தரும். அதே 200 சதுர அடிக்கு அது 2.8 டன். கூரையின் சாய்வையும், பக்கங்கள் திறந்திருக்கின்றனவா என்பதையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் கூரை கீழே விழுந்துவிடுமோ என்று பயப்படுவதைவிட மேலே எழும்பாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு பாகத்துக்கும் அந்த ஒரு கேள்விதான்.

தூண் தளத்தில் நிற்குமிடத்தில் இருந்து ஆரம்பிப்போம். வீட்டுத் தளம் பெரும்பாலும் 4 அல்லது 5 அங்குலக் கனம்தான். பீம் இல்லாத இடத்தில் தூணின் அடித்தட்டான பேஸ் பிளேட்டை வைத்து, கான்கிரீட்டைப் பிடிக்கும் ஆங்கர் போல்ட் அடித்தால், இழுக்கும்போது அந்த மெல்லிய கான்கிரீட்டே பெயர்ந்து வரும். தளத்தின் மேல் பதித்த தட்டோடுகளும் அவற்றுக்கு அடியில் உள்ள சுருக்கிக் கலவையும் உடைந்து, ஓட்டை வழியே தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்கும். கீழே பீம் அல்லது காலம் (கான்கிரீட் தூண்) எங்கே போகிறது என்று கண்டுபிடித்து அதன் மேல்தான் தூணை நிறுத்த வேண்டும். 8 அல்லது 10 மி.மீ. தட்டு, நான்கு மூலைக்கும் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் என்பது சாதாரண வீட்டுக் கூரைக்குக் குறைந்தபட்சம். கடலோரத்திலும், மூன்றாவது மாடிக்கு மேலும் இதைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்வதே நல்லது. கைப்பிடிச் சுவரின் மேல் பைப்பை நிறுத்திச் சிமென்ட் பூசி முடிக்கும் வேலையை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். அந்தச் செங்கல் சுவர் இழுவைக்குக் கட்டப்பட்டதில்லை.

தூணுக்கு மேல் சாய்வாகப் போவது ராஃப்டர், அதற்குக் குறுக்கே ஷீட்டைத் தாங்குவது பர்லின். 0.50 மி.மீ. ஷீட்டுக்குப் பர்லின் இடைவெளி 4 அடிக்கு மேல் போகக் கூடாது. கடைசிப் பர்லினைத் தாண்டி ஷீட் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது அரை அடிக்குள் இருக்கட்டும். காற்று முதலில் பிடிப்பது அந்த ஓரத்தைத்தான். செலவைக் குறைக்க ஒரு பர்லினை எடுத்துவிட்டு 5, 6 அடி இடைவெளி வைப்பது வழக்கமான தந்திரம். பர்லினை ராஃப்டரோடு இரண்டு பொட்டு டாக் வெல்டிங்கில் விட்டுவிடுவது இன்னொன்று. சுற்றிலும் முழு வெல்டிங் கேளுங்கள். ஜிஐ பைப்பில் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே கசடு தட்டி ஜிங்க் ரிச் பெயிண்ட் அடிக்க வேண்டும். பைப்பின் திறந்த முனைகளைத் தட்டு வைத்து அடைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து பைப் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது.

வாட்டம். முகட்டிலிருந்து தாழ்வாரம்வரை ஒரே நீள ஷீட் என்றால் 5 டிகிரி போதும், அதாவது 12 அடிக்கு 13 அங்குல இறக்கம். நடுவில் ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்றை ஏற்றி ஒட்டுப்போட்டால் 10 டிகிரி, 12 அடிக்குச் சுமார் 25 அங்குலம் தேவை. ஒட்டில் ஓவர்லாப் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, வாட்டம் குறைந்தால் 8. தேவையான நீளத்துக்கே வெட்டித் தருகிறார்கள் என்பதால் ஒட்டுப்போடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

ஷீட்டில் பார்க்க வேண்டியது இரண்டு. கனம் சொல்லும்போது அது பூச்சு, பெயிண்ட் எல்லாம் சேர்த்ததா, உள்ளிருக்கும் இரும்பு மட்டுமா என்று கேளுங்கள். மொத்தம் 0.50 என்றால் இரும்பு 0.42 அளவில்தான் இருக்கும். இரண்டு கடைக்காரர்கள் ஒரே "0.45" சொல்லி வேறுவேறு விலை சொல்வதற்கு இதுவே முக்கால்வாசிக் காரணம். அடுத்தது பூச்சு. கால்வால்யூம் என்பது 55 சதவீதம் அலுமினியமும், மீதியில் பெரும்பங்கு துத்தநாகமும், கொஞ்சம் சிலிக்கனும் சேர்ந்த பூச்சு. ஏ.இசட். 150 என்றால் இருபக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம். ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் பிளாஸ்டிக் படலத்தை மாட்டும் அன்றே உரித்துவிட வேண்டும். வெயிலில் விட்டால் வெந்து ஒட்டிக்கொள்ளும்.

ஷீட்டை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டு வருவது என்பதைப் பலர் ஏணி எங்கே சாய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பக்க ஓவர்லாப்பின் வாய் காற்று வரும் பக்கத்தைப் பார்க்காமல், அதற்கு மறுபக்கம் திரும்பியிருக்க வேண்டும். சென்னை, கடலூர், நாகை பக்கம் பெருமழை வடகிழக்கிலிருந்து வருவதால், தென்மேற்கு ஓரத்தில் முதல் ஷீட்டைப் போட்டு வடகிழக்கு நோக்கி வர வேண்டும். பொள்ளாச்சி, தென்காசி போன்ற கணவாய்க் காற்று ஊர்களில் கிழக்கிலிருந்து மேற்கே. ஓவர்லாப்பில் மெல்லிய பள்ளக் கோடு ஒன்று இருக்கும் விளிம்பு அடியில் போக வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே தண்ணீர் ஊறி ஏறுவதை அந்தக் கோடுதான் நிறுத்துகிறது.

இனி ஸ்க்ரூ. கூரையிலேயே மலிவான சாமான், அதிகம் கெடுப்பதும் இதுதான். கூரைக்கு 5.5 மி.மீ. தடிமனுள்ள, தானே துளையிடும் ஸ்க்ரூ. ஷீட்டின் மேட்டில் அடிப்பதானால் நீளம் 55 மி.மீ. தலைக்கு அடியில் உலோகத் தொப்பியும் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் வாஷரும் இருக்கும். முடுக்கும்போது ரப்பர் லேசாக நசுங்கித் தொப்பியின் விளிம்புவரை வந்தால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் ரப்பர் பிதுங்கி வெளியே வரும், இரண்டு கோடையில் வெடிக்கும், மேடு அமுங்கி ஸ்க்ரூவைச் சுற்றிக் குழி விழும், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். சாய்வாக ஏறிய ஸ்க்ரூவில் வாஷர் ஒரு பக்கம் மட்டும் அழுந்தும். அதைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் சற்றுப் பெரிய ஸ்க்ரூவை நேராக ஏற்ற வேண்டும்.

தாழ்வாரத்திலும் முகட்டிலும் உள்ள பர்லினில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்க்ரூ, நடுப் பர்லின்களில் ஒன்று விட்டு ஒன்று. மூன்றரை அடி அகல, 12 அடி நீள ஷீட்டுக்கு 12 முதல் 14 ஆகும். பத்து ஷீட் போட்ட கூரையில் 70 ஸ்க்ரூதான் இருக்கிறதென்றால் பாதியைக் காணோம் என்று அர்த்தம். புயலில் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வருவது ஒரு வகை. ஸ்க்ரூ பர்லினிலேயே நிற்க, ஷீட் மட்டும் அதன் தலையைச் சுற்றிக் கிழிந்து போவது இன்னொரு வகை. மணிக்கணக்கில் காற்று தூக்கித் தூக்கி விடும்போது தகடு அந்த இடத்தில் களைத்துப்போகிறது. 1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை ட்ரேசி புயல் தாக்கியபோது பெருமளவு கூரைகள் இப்படித்தான் போயின. ஸ்க்ரூ தலைக்கு அடியில் அகலமான புயல் வாஷர் வைக்கும் வழக்கம் அதன் பிறகு அங்கே பரவியது. நம் கடலோர வீடுகளில் ஓர வரிசைக்காவது இதைக் கேட்டு வாங்கலாம்.

ஷீட்டை கிரைண்டரில் வெட்டினால் ஓரத்தில் பூச்சு எரியும், தெறிக்கும் பொறி மற்ற ஷீட்டில் ஒட்டி ஒரே வாரத்தில் துருப்புள்ளியாகும். தகடு வெட்டும் கத்தரி அல்லது நிப்ளர் போதும். துளையிட்ட இரும்புத்தூளை அன்று சாயங்காலமே பெருக்கிவிட வேண்டும்.

முகட்டு மூடி இருபுறமும் குறைந்தது 6 அங்குலம் ஷீட்டின் மேல் உட்கார வேண்டும். அதற்கு அடியில் ஷீட்டின் பள்ளங்களின் நுனியை மேல்நோக்கி மடித்துவிட்டால் எதிர்க்காற்றில் தண்ணீர் ஏறாது. இரண்டு நிமிட வேலை, செய்பவர் குறைவு. கூரை சுவரைத் தொடுமிடத்தில் ஃப்ளாஷிங். சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு வெட்டி, தகட்டின் விளிம்பை அதில் செருகி சீலன்ட் அடிக்க வேண்டும். ஷீட்டின் மேலேயே சிமென்ட் கலவை பூசி அடைப்பதுதான் நம் ஊர் வழக்கம். ஈரச் சிமென்ட்டின் காரம் அலுமினியப் பூச்சை அரிக்கும், ஷீட் வெயிலில் விரியும்போது கலவையும் விண்டுபோகும். 20 அடி ஷீட் பகல் சூட்டில் 3 மி.மீ. வரை நீளும். சீலன்ட்டிலும் வினிகர் வாடை அடிக்கும் மலிவு சிலிக்கான் வேண்டாம், அந்த அமிலம் பூச்சைத் தின்னும். நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள். ஏசி வெளியூனிட்டின் செம்புக் குழாயில் பட்டு வழியும் தண்ணீரும் ஷீட்டில் விழக் கூடாது.

மணிக்கு 100 மி.மீ. மழை பெய்தால் 1000 சதுர அடிக் கூரையிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 155 லிட்டர் இறங்கும். ஆயிரம் லிட்டர் தொட்டி ஏழு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். அந்தக் கூரைக்கு ஒரே ஒரு 2 அங்குல பைப் காணாது, 4 அங்குலத்தில் குறைந்தது இரண்டு வேண்டும். கட்டரின் வெளி உதடு உள் உதட்டைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இலை அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் வெளியே வழியும், வீட்டுப் பக்கம் வராது.

சூட்டுக்கு ஷீட்டுக்கும் பர்லினுக்கும் நடுவே அலுமினிய முகப்புள்ள பபிள் ஷீட் விரிக்கலாம். பணம் இருந்தால் பஃப் பேனல் (இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்தது), மழைச் சத்தமும் குறையும். இரண்டையும் ஷீட் மாட்டும்போதே முடிவு செய்ய வேண்டும், பின்னால் சேர்க்க எல்லா ஸ்க்ரூவையும் கழற்ற வேண்டியிருக்கும்.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒருமுறை மேலே ஏறி, கட்டரைச் சுத்தம் செய்து, வாஷர்களையும் ஓர வரிசை ஸ்க்ரூக்களையும் பாருங்கள். ஏறினால் ஸ்க்ரூ வரிசை போகும் கோட்டில், பள்ளத்தில் கால் வைத்து நடங்கள். கீழே பர்லின் இருப்பது அங்கேதான். வெளிச்சத்துக்காகப் போட்ட பாலிகார்பனேட் ஷீட்டின் மேல் எந்த இடத்திலும் கால் வைக்காதீர்கள்.