அந்த வாசலில் காவல்

இன்று ஒரு பழைய செய்திக் காணொளி கண்ணில் பட்டது. 2003 ஏப்ரல், அமெரிக்கப் படைகள் ஈராக்குக்குள் புகுந்த நேரம்; தலைநகர் பாக்தாத்.

தேசிய அருங்காட்சியகத்தில் பேழைகள் உடைந்து கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான தொல்பொருட்கள் கொள்ளை போயின. மருத்துவமனைகளையும் விட்டுவைக்கவில்லை.

எண்ணெய் அமைச்சகத்துக்கோ அமெரிக்கப் படையினரின் காவல்.

அதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

எண்ணெய்க்காக மட்டுமே நடந்த போர் என்று சொல்லமாட்டேன். ஈராக் அதிபர் சதாம் உசேனின் கொடுமையும் உண்மைதான். ஆனால் காரணமாகக் காட்டிய பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லையே.

அப்புறம் ஈரான். 1951இல் அந்நாட்டுப் பிரதமர் மொசாதேக் எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். 1953இல் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து அவரைக் கவிழ்த்தன. 1990இல் சதாம் குவைத்துக்குள் புகுந்ததற்குப் பின்னாலும் இரு நாட்டு எல்லையில் உள்ள ருமைலா எண்ணெய் வயல் தகராறு இருந்தது.

போருக்கு முன் பாதுகாப்பு என்பார்கள், விடுதலை என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு உண்மைக் காரணத்தையாவது சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.