மாத்திரை வரிசையும் கணினிக் கணக்கும்

அரசு சுகாதாரத்தில் எந்த மாற்றம் பேசப்பட்டாலும் முதல் கேள்வி "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். என் வேலை அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. மாற்றினால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஒரு ஆஸ்பத்திரியையும் அங்கே வருகிறவர்களையும் கணினிக்குள் உருவாக்கி, ஓடவிட்டுப் பார்க்கிறோம். அதற்குப் பெயர் சிமுலேஷன்.

அப்படி ஒரு முறை எடுத்துக்கொண்டது, அம்பாசமுத்திரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றை. சுகர், பிரஷர் மாத்திரைகளை மாதாமாதம் கொடுப்பதை விட்டு, இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாமா என்பது யோசனை. 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்து வீட்டுக்கே மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகும், அங்கே ஃபார்மசி முன்னால் காலை வரிசை குறையவில்லை.

வரிசைக்கு ஒரு குணம் உண்டு. ஒருவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கச் சராசரியாக இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு 30 பேரைப் பார்க்கலாம். மணிக்கு 24 பேர், சீரான இடைவெளியில்லாமல் முன்பின்னாக வந்தால், எளிய வரிசைக் கணக்குப்படி ஒருவர் காத்திருப்பது சராசரியாக 8 நிமிடம். 27 பேர் வந்தால் 18 நிமிடம். கூடினது மூன்றே பேர்! அதிலும் நம் ஊரில் ஆட்கள் ஒவ்வொருவராக வருவதில்லை. பஸ் வந்து நின்றால் மொத்தமாக இறங்குகிறார்கள். சராசரியை மட்டும் பார்த்து ஆள் போடுகிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கணினியில் இரண்டு மாத மாத்திரை என்று மாற்றியதும் வரிசை பாதியானது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் தொடங்கினால் அந்த மாதம் இரு மடங்கு மாத்திரை வேண்டும், அடுத்த மாதம் வாங்க ஆளே இருக்காது. மருந்து கிடங்கிலிருந்து பாஸ்புக் கணக்கில், அதாவது ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கிய தொகைக்குள், வருகிறது. திடீரென்று இரட்டிப்பாகக் கேட்டால் தட்டுப்பாடுதான். பாதி ஊர்களை ஒரு மாதமும் மீதியை மறு மாதமும் தொடங்கினால் சீராகிவிடுகிறது. ஆண்டுச் செலவை மட்டும் கூட்டிப் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது வேறு. அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு பெரிய பரிசோதனை நடத்தியது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீட்டில் சேர்த்தார்கள். கைக்காசு கொடுக்க வேண்டியிருந்தவர்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள், தேவையானதையும் சேர்த்தே. கட்டணம் ஏறினால் எத்தனை பேர் வராமல் போவார்கள் என்பதற்கு இன்றும் அந்தப் பரிசோதனையில் கிடைத்த எண்ணைத்தான் பலரும் எடுத்தாள்கிறார்கள். இங்கே ஓபியில் கட்டணமே கிடையாதே, அப்புறம் எதற்கு அந்த எண்? வரிசையில் நின்ற ஒரு பீடி சுற்றும் அம்மா சொன்னார்: "மாத்திரை சும்மாதான் தாராவ தம்பி. போயிட்டு வாரதுக்குள்ள அரை நாள் பீடி போச்சுல்லா. சாயங்காலம் கடையில கணக்கு குறையும்."

அந்த அரை நாள் கூலிதான் இங்கே கட்டணம். அதை மாடலுக்குள் வைக்க வேண்டுமென்றால் முக்கூடல், மேலப்பாளையம் என்று பீடி சுற்றும் ஊர்களில் வீடு வீடாகப் போய்க் கேட்கத்தான் வேண்டும். அதற்கு ஆளும் நாளும் ஒதுக்காமல் கணினியை மட்டும் வாங்கிக் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை.

இரண்டு மாத யோசனையை மனதார ஆதரிக்கிறேன். பிரஷரும் சுகரும் இன்னும் கட்டுக்குள் வராதவர்களை மட்டும் இப்போதைக்கு அதில் சேர்க்க வேண்டாம். அவர்களை நர்ஸம்மா மாதாமாதம் பார்த்தாக வேண்டும்.