வெள்ளவத்தையில இருந்து கொக்குவிலுக்கு, ரெண்டு பூனையோட

கொழும்பு வெள்ளவத்தையில இருந்து வெளிக்கிட்டு, நேற்றுப் பின்னேரம் அஞ்சு மணிக்கு அம்மாவும் நானும் பூனையளும் யாழ்ப்பாணம் கொக்குவில் வீட்டுக்கு வந்து சேந்தம். கோபம் இன்னும் ஆறேல்லை. அதால வழி, செலவு எல்லாம் பிறகு. முதல்ல வான்காரரின்ர கதை.

பூனை எண்டால் பஸ்ஸில ஏத்தமாட்டம் எண்டிட்டினம். அதாலதான் வான். பேசின காசு நாப்பதாயிரம். ரெண்டு பூனை, கூட்டுக்குள்ளதான் இருக்கும், ஏசி நிப்பாட்டக்கூடாது எண்டு போனில மூண்டு தரம் சொன்னனான். "பிரச்சினையில்லை அக்கா" எண்டவர். யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட நாவற்குழி தாண்டினதும் வானை ஓரங்கட்டி, "பூனை மணம், கழுவவேணும், ஆறாயிரம் கூட்டித் தாங்கோ" எண்டார். கூட்டுக்குள்ள பொலித்தீன், அதுக்கு மேல பேப்பர், அதுக்கு மேல பழைய துவாய். ஒரு சொட்டு வெளியில வரேல்லை. பகல் கொள்ளை! பூனையளோட றோட்டில நிக்கேலாது எண்டு அம்மா சொன்னதால மூவாயிரம் குடுத்தன். இந்த மாதம் துண்டு விழுறது நிச்சயம்.

காசை விடுங்கோ, ஏசியை நிப்பாட்டினதை என்னால மன்னிக்கேலாது. மாங்குளத்தடியில கறுப்பி நாக்கை வெளியில தள்ளி இளைக்கத் தொடங்கிட்டாள். நாய் இளைக்கிறது வழமை. பூனை வாய் திறந்து இளைச்சால் ஆபத்து. அதுகளுக்குப் பாதத்திலதான் வேர்க்கும். "அண்ணை, ஏசியைப் போடுங்கோ!" எண்டு கத்தினன். டீசல் கணக்குச் சொன்னார். முறிகண்டியில பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிப்பாட்டினபோது, மர நிழலில கூட்டை வைச்சு, ஈரத்துணியால பாதத்தையும் காதையும் துடைச்சன். கூட்டை முழுக்கத் திறக்கேல்லை. வெருண்ட பூனை ஓடினால் பிறகு பிடிக்கேலாது. கால் மணித்தியாலத்தில வாயை மூடினாள். அதுக்குப் பிறகுதான் அங்க வாங்கின கச்சான் எனக்குத் தொண்டையில இறங்கிச்சுது.

அதுக்கு முதல் வவுனியாவில சாப்பிட்ட சாப்பாட்டைச் சொல்லாமல் விடேலாது. சின்னக் கடை. சோறு, பாரைமீன் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, சொதி. என்ன ருசி! கடைக்கார அன்ரி பூனையளைக் கண்டிட்டு, உப்பும் தூளும் போடாமல் ரெண்டு மீன்துண்டு அவிச்சுத் தந்தா. வெங்காயம், உள்ளி பூனைக்கு நஞ்சு எண்டது அவவுக்கும் தெரிஞ்சிருந்தது. முதல்நாள் இரவுக்குப் பிறகு ரெண்டுக்கும் தண்ணி மட்டும்தான் வைச்சனான், அதால வழியில சத்தி எடுக்கேல்லை. மீனும் கொஞ்சம்தான் குடுத்தன்.

ஜெர்மனி மச்சாள் பூனையோட காரில பிரான்சுக்குப் போய் வாறவ. அங்க மைக்ரோசிப், விசர்நோய்த் தடுப்பூசி, பூனைக்கெண்டு ஒரு பாஸ்போட் எல்லாம் வேணுமாம். சிப் முதல், ஊசி பிறகு. மாறினால் அந்த ஊசி செல்லாது. முதல் ஊசிக்குப் பிறகு 21 நாள் பொறுக்கவேணும். நானும் ஊசி போட்ட அட்டையைக் கையில வைச்சிருந்தன். ஒருத்தரும் கேக்கேல்லை.

வவுனியா தாண்டி ஓமந்தையில அம்மா பேச்சை நிப்பாட்டிட்டா. போரால மூடியிருந்த யாழ்ப்பாண றோட்டு ஏ9 2002இல திறந்தபிறகு, இதிலயும் முகமாலையிலயும் இருந்த சோதனைச்சாவடியில சாமானெல்லாம் இறக்கிக் காட்டி, திரும்ப ஏத்தினவ. 2006 ஓகஸ்டில அந்தப் பாதையும் மூடுப்பட்டது. நேற்று அந்த இடத்தை வேகம் குறைக்காமலே தாண்டினம். மற்றப் பூனை முத்து மட்டும் கத்திக்கொண்டு வந்தான். அம்மா கூட்டுக்குள்ள விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தா.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டும் அம்மம்மாவின்ர கட்டிலுக்குக் கீழ பூந்திட்டுதுகள். சாமத்தில முத்து வந்து தண்ணி குடிச்சிட்டு என்ர காலடியில படுத்தான். கறுப்பி இன்னும் வெளியில வரேல்லை. மீன் வாங்க இப்ப இங்க பக்கத்தில இருக்கிற திருநெல்வேலிச் சந்தைக்கு வெளிக்கிடுறன்.